சூடு தெரியாத கை

முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. இதை எதிர்வீட்டு ஃபர்ஸானாவுக்குப் புரியவைப்பதற்குள் பேராச்சிக்கு ரெண்டு தீபாவளி போய்விட்டது.

"காஜூ எங்கே தீதி? பேர்ல இருக்கு, உள்ளே இல்லே. இது சீட்டிங்தானே?"

"ஏளா, எங்கூர்ல திராட்சைக்குக் கொடிமுந்திரின்னு பேரு. மூணு மூணா ஒட்டிக்கிட்டுப் பொரிஞ்சு வருதுல்லா, அந்தக் கொத்து மாதிரின்னு வச்சிருக்காங்க."

"அப்போ அங்கூர்கொத்துன்னு வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஃபர்ஸானா உடைந்த துண்டாகப் பார்த்து ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். உடையாத நாளில் அவளே ஒன்றை உடைத்துக்கொள்வதும் உண்டு.

தாராவியில் அந்தச் சந்துக்கு அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் பேராச்சி வீட்டு வாசனையைச் சொன்னால் போதும். பாசிப்பயறை வறுத்து, தொலி புடைத்து, கரகரவென்று திரித்து, தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்துச் சேர்த்து, எள்ளும் ஏலமும் சுக்கும் தட்டிப் போடுகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சங்கதி அதற்குப் பிறகுதான். கருப்பட்டிப் பாகு உருட்டுப் பதத்துக்கு வந்ததும் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிக் கிண்டி, சூடு இறங்குவதற்குள் உருண்டை பிடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் மாவு செங்கல்பொடியாக உதிரும். அதை அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டால் சட்டி முழுக்கக் கரிதான் மிஞ்சும்.

சுடச்சுடப் பிடிக்கிற கை வேண்டும். தொண்ணூறு அடி ரோட்டுக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரே ஒரு கைதான் இருந்தது. மற்றப் பெண்கள் பச்சைத்தண்ணீரில் கையை நனைத்து நனைத்துப் பிடிப்பார்கள், ஊதுவார்கள், உதறுவார்கள். பேராச்சி புட்டுமாவு பிசைகிற மாதிரி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே உருட்டித் தள்ளுவாள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அக்கம்பக்கத்தார் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள். "பாருங்க, ஆவி பறக்குது, அவ கைய எடுக்காளான்னு பாருங்க." பேராச்சிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டாள். கூட ரெண்டு உருண்டை வேகமாகப் பிடிப்பாள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் 'ஸ்ஸ் ஸ்ஸ்' என்று ஊதி ஊதித்தான் பிடித்தாள். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. தொழில் கையில் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். போன மழைக்காலத்தில் செருப்பு ஆணி உள்ளங்காலில் ஏறி, அதோடு பகல் முழுக்க நடந்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்து, "எந்த எலியடா அடிபட்டது?" என்று கட்டிலுக்கடியில் தேடினாள். அதையும் சந்து சிரிக்கச் சிரிக்கப் பேசியது. பேராச்சியே நாலு பேரிடம் சொன்னாள். சர்க்கரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஞாபகம் வந்த அன்றைக்குப் போட்டுக்கொள்வாள். பாகு பதம் பார்க்கிறவள் நாக்கில் வைக்காமல் எப்படிப் பார்ப்பது?

அவள் புருசன் தளவாய் இதற்கு நேர் எதிர். பெல்ட் பட்டறையில் தோலில் ஓட்டை போடுகிற வேலை. கையெல்லாம் காய்ப்பு. ஆனால் ஒரு சிராய்ப்பு பட்டுவிட்டால் போதும், பட்டறை கூடிவிடும். ஒரு தடவை தையல் மெஷின் ஊசி விரலில் இறங்கியபோது அவர் போட்ட சத்தத்தில் கேஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று மூன்று சந்துக்கு ஆட்கள் ஓடினார்கள். அன்றைக்கு வைத்த பேர்தான் 'போங்கா'. அந்தக் காலத்து மில் சங்குக்கு பம்பாயில் அப்படித்தான் பேர்.

"ஊசி குத்துனதுக்கே இந்தக் கூப்பாடு. இந்த மனுசன் பிள்ள பெத்திருந்தா பரேல் வரைக்கும் கேட்டிருக்கும்" என்பாள் பேராச்சி.

"வலிச்சாக் கத்தணும்ட்டி. கத்தாம உள்ள வச்சிக்கிட்டு என்ன செய்ய, வட்டிக்கா விடப் போறோம்?" என்பார் தளவாய்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை வெயில் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மழை விட்டதற்கும் குளிர் வருவதற்கும் நடுவில் பம்பாய் ஒரு மாசம் வேகும். சந்துக்குள் காற்று என்றால் எதிர்வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன்தான். பாண்டுப்பில் மீனாட்சியம்மாள் மகளுக்குக் கல்யாணம். பெண்ணோடு அனுப்புகிற பலகாரப் பெட்டிக்கு முந்திரிக்கொத்து பேராச்சி கையால்தான் வேண்டும் என்று அந்தம்மாள் ரயிலேறி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

காலையிலிருந்தே பேராச்சி ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். மேலே பரண் மாதிரி இருந்த மாளாவிலிருந்து பயத்தமாவு டின்னை எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினவள், பாதியில் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஏளா, அங்கேயே நிக்க?" தளவாய் கீழிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல. தாடை என்னமோ கடுகடுங்குது. நேத்து அந்தக் கடலமுட்டாய கடிச்சது."

"மூச்சு வாங்குதே."

"டின்னு தூக்கிட்டு ஏணியில எறங்கினா வாங்காதா? நீங்க தூக்கிப் பாருங்க, மூச்சோட ஒப்பாரியும் வரும்."

கீழே வந்து சோடா குடித்தாள். ஏப்பம் வரவில்லை. ஃபர்ஸானா வீட்டுக்குள் போய் ஈனோ கரைத்து எடுத்து வந்தாள். "கேஸ்தான் தீதி. நேத்து ராஜ்மா தின்னே இல்லே?" மகள் மானசா மாளாவில் படுத்தபடி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். குர்லா பக்கம் ஓர் ஆபீசில் வேலை. வாரம் முழுக்க ரயிலில் நசுங்குகிறவள், ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால் கடித்துவிடுவாள்.

அடுப்பை வாசலில் வைத்துக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஏற்றினாள் பேராச்சி. பாகு நுரைத்தது. ஃபர்ஸானாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரும் தாம்பாளத்தில் மாவைப் பரத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வேர்த்தது. ஃபர்ஸானாவின் துப்பட்டா முதுகில் ஒட்டிக் கிடந்தது. பேராச்சிக்கு ரவிக்கை நனைந்து, சேலை முந்தி நனைந்து, நெற்றிப் பொட்டு மூக்கு வரைக்கும் வழிந்துவிட்டது.

"வேர்க்கட்டும். உடம்புல உள்ள கெட்ட தண்ணி எல்லாம் போவும்" என்றாள் ஒருத்தி.

தளவாய் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். பாகு கிண்டுகிறபோது அவளுக்குக் கை ஒழியாது. கண்ணில் வேர்வை இறங்காமல் துடைத்துவிடுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. நெற்றியைத் துடைத்தார். பிடரியைத் துடைத்தார். துடைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

புறங்கையை மறுபடி அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. பட்டறைக்கு வருகிற ஊறப்போட்ட தோல் இருக்குமே, அந்தக் குளிர்ச்சி. வெளியே வெயில், முன்னால் அடுப்பு, உள்ளே கொதிக்கிற பாகு. இவள் கழுத்து மட்டும் சில்லென்று.

"ஏளா, உனக்கு வேர்வ குளுந்து கெடக்கு."

"நல்லதாப் போச்சு. ஃபேன் செலவு மிச்சம்."

"வெளையாடாத. எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ மெதுவாக "போங்கா ஸ்டார்ட் ஆயிட்டுது" என்றார்கள்.

"என்ன சொல்லுதிய? பாகு ஏறிக்கிட்டு இருக்கு, ஆஸ்பத்திரியாம். எனக்கு என்ன கொள்ள?"

"பூதத்தானுக்கு இப்படித்தாம்ட்டி இருந்தது. பட்டறையில எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். சட்டை பூரா நனஞ்சு, தொட்டா ஐஸ்கட்டி. ரிக்ஷா வாரதுக்குள்ள போய்ட்டான்."

"பூதத்தான் அண்ணன் நெஞ்சப் புடிச்சிட்டு உருண்டாவ. நீங்கதான அன்னைக்கு வந்து சொன்னிய? எனக்கு எங்க வலிக்கி? வலிச்சாத்தான நெஞ்சு வலி?"

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. சந்துக்கே அதுதான் நியாயம். வலிக்கிறவன் நோயாளி, வலிக்காதவன் வேலையைப் பார்க்க வேண்டியவன். அவர் ஏணிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "மானசா! கீழ எறங்கு!"

மானசா தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே பாதி ஏணியில் நின்றாள். "க்யா ஹுவா? அம்மா, பெயின் இருக்கா?"

"இல்லட்டி. தாடைதான் கொஞ்சம். வாயுவு."

"பெயின் இல்லல்லா அப்பா. ஓவர் ரியாக்ட் பண்ணாதீங்க. சாயங்காலம் டெலிவரி முடிச்சிட்டு கிளினிக் கூட்டிட்டுப் போறேன், பக்கா."

"தொட்டுப் பாருட்டி அவ கழுத்த."

"அப்பா, ஹீட்ல எல்லாருக்கும்தான்…"

பேராச்சி அதற்குள் பாகைத் துளி எடுத்துத் தட்டுத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தாள். விரலுக்கு அடங்கி வந்தது. "பதம் வந்துட்டு. நகருங்க. இத உருட்டி வச்சிட்டு நீங்க கூப்பிட்ட எடத்துக்கு வாரேன். இப்போ விட்டா எல்லாம் பாழு." பிடிதுணிகூட இல்லாமல் சட்டியின் காதுகளில் கையை வைத்தாள். தூக்க முடியாமல் மறுபடி அடுப்பிலேயே வைத்தாள். அவள் தூக்க முடியாமல் எதையும் வைத்துத் தளவாய் பார்த்ததில்லை.

பக்கத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தது. அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. குடத்தைத் தூக்கினார், அப்படியே பாகில் கவிழ்த்தார்.

சட்டி சீறியது. ஆவி முகத்தில் அடித்தது. ஊரிலிருந்து ரயிலில் வந்த அத்தனை கருப்பட்டியும் பழுப்புத் தண்ணீராகச் சட்டியில் தளும்பி வாசல்படியில் வழிந்து சாக்கடைக்குப் போயிற்று. பொரிக்கிற சட்டியில் எச்சில் துப்பியிருந்தால்கூடப் பெண்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள்.

"அரே பாய், என்ன பண்ணிட்டே நீ!" என்றாள் ஃபர்ஸானா கடைசியில்.

பேராச்சி வெறித்துப் பார்த்தாள். "கல்யாண வீட்டுப் பாகுல… பாகுல தண்ணிய ஊத்திட்டியே மனுசா!" என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். முழுதாக எழவில்லை. கரண்டி கையிலிருந்து நழுவியது. முட்டி மடங்கி, இருந்த இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். முகம் மாவு நிறத்துக்கு வந்திருந்தது. "இருட்டிக்கிட்டு வருது" என்றாள், யாரோ விளக்கை அணைத்த மாதிரி, குறைசொல்கிற குரலில்.

அதற்குப் பிறகு யாரும் வாயுவு என்று சொல்லவில்லை. மானசா ஏணியில் குதித்து இறங்கினாள். அந்தச் சந்தில் ரிக்ஷா வராது, ஸ்ட்ரெச்சரும் திரும்பாது. ஃபர்ஸானா தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தாள். அதில் பேராச்சியை உட்காரவைத்து, முந்தியால் கட்டி, தோல் பட்டறை ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். தளவாய் முன்னால், "ஹட்டோ! ஹட்டோ! வழிய விடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். போங்கா சத்தத்தில் சந்து தானாகப் பிளந்து வழிவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியை இழுத்துக்கொண்டார்கள், சைக்கிள்கள் சுவரோடு ஒட்டின. நாற்காலியில் பேராச்சி கண்ணை மூடிக்கொண்டே, "அடுப்ப எரிய விட்டுட்டு வந்துராதீங்க… பாண்டுப்புக்கு போன் போடுங்க…" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்ததும், அதுவரை மெதுவாக நடந்தவர்கள் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். தளவாய்க்கு அதுவே போதுமாக இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சாதனா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண். கேஸ் பேப்பரில் பேரைப் பார்த்தவுடன் தமிழில் பேசினாள்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு? நெஞ்சு வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"வலி இல்ல" என்றாள் பேராச்சி, படுத்தபடியே. குரலில் அப்போதும் ஒரு மிடுக்கு இருந்தது.

"கொஞ்சங்கூட இல்லையா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"தாடை கடுத்துச்சு. அதும் இப்போ இல்ல."

டாக்டர் தளவாயைப் பார்த்தாள். "பெரிய அட்டாக். இப்போ நடந்துண்டிருக்கு. அடைப்பை உடனே எடுக்கணும். கையெழுத்துப் போடுங்கோ. வலியே இல்லேன்னா நீங்க எப்படி அழைச்சுண்டு வந்தேள்?"

"கழுத்து சில்லுன்னு இருந்துச்சும்மா."

அவள் பேனாவை அவர் கையில் திணித்துக் கையெழுத்து வாங்கினாள். பிறகு கட்டிலோடு ஓடினாள்.

மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, அடைத்த குழாயைத் திறந்து, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். கையில் ஊசி ஏற்றியபோது பேராச்சி முகம் சுளிக்கவில்லை என்று நர்ஸ் வெளியே வந்து அவள் தைரியத்தை மெச்சினாள்: "பஹுத் ஹிம்மத்வாலி ஹை." கண்ணாடிக் கதவு வழியாக அந்த ஊசியைப் பார்த்துவிட்ட தளவாய்தான், "ஆத்தா!" என்று தன் கையைத் தடவிக்கொண்டார். மானசா அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஸாரிப்பா. நான் தொட்டுப் பாத்திருக்கணும்."

"நீ என்னட்டி செய்வ? உங்கம்மாவே நம்பல. எனக்கே பாதி நம்பிக்கைதான். வெறும் வாயுவா இருந்தா இன்னைக்கு அவ என்னய அந்தச் சட்டியிலயே போட்டுப் பொரிச்சிருப்பா."

வார்டுக்கு மாற்றின பிறகும் பேராச்சி புருசனோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள், தலையணையைத் தூக்கிவைத்தால் சாய்ந்துகொண்டாள், வாயைத் திறக்கவில்லை. பாண்டுப் கல்யாணத்தில் பெட்டிக்குள் கடையில் வாங்கின லட்டு போயிற்று என்ற செய்தி வந்திருந்தது. தளவாய் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மோசம்பிப் பழம் உரித்தார். நகக்கண்ணில் சாறு பட்டு எரிந்ததற்கு 'உஸ்ஸு' என்று விரலை உதறினார். அப்போதும் அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் டாக்டர் சாதனா ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு வந்தாள். கையில் ஒரு குண்டூசி.

"மாமி, கண்ணை மூடிக்கோங்கோ. விரல்ல குத்துவேன். குத்தும்போது 'ம்' சொல்லணும்."

பேராச்சி மூடினாள். தளவாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வார்டில் ஃபேன் கடகடத்தது.

"குத்துங்க டாக்டரம்மா" என்றாள் பேராச்சி.

"குத்தியாச்சு."

"எப்போ?"

"அஞ்சு விரல்லயும் குத்தியாச்சு."

பேராச்சி கண்ணைத் திறந்து விரல்களைப் பார்த்தாள். நுனிகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் சிவந்திருந்தன. அவள் மற்றக் கையால் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அவருக்குக் குத்திப் பாக்கலாமா?" என்றாள் டாக்டர். தளவாய் வேண்டாம் என்பதற்குள் குத்திவிட்டாள்.

"ஆத்தாடீ!"

ஆறு கட்டில் தள்ளிப் படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல், "இவருக்கு நரம்பெல்லாம் பேஷா இருக்கு" என்றாள். பிறகு பேராச்சி பக்கத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"விரல்ல இருக்கற மாதிரியே இதயத்துலயும் நரம்பு இருக்கு மாமி. எப்பவும் சும்மாதான் இருக்கும். துடிக்கறது நமக்குத் தெரியறதோ? ரத்தம் போறது நின்னுட்டா, அந்தத் தசை மூச்சுக்குத் தவிக்கும். அங்க புளிச்ச மாதிரி என்னென்னமோ சேரும். அது பட்டதும் நரம்பு கூச்சல் போடும். அந்தக் கூச்சல்தான் நெஞ்சு வலி. ஆனா ஒண்ணு. கை, தோள், தாடை அங்கேர்ந்து வர சேதியும் இதயத்துச் சேதியும் முதுகுத்தண்டுல ஒரே வாசல்ல போய் நிக்கும். மூளை குழம்பிடும். நெஞ்சுல நடக்கறதைத் தாடைன்னு நெனச்சுக்கும்."

"அதான் கடுத்துச்சா?"

"அதான். உங்களுக்கு அந்தக் கொஞ்சம்தான் கேட்டிருக்கு. சர்க்கரை பல வருஷமா நரம்பை அரிச்சிருக்கு. விரல்ல போன மாதிரி உள்ளயும் போயிடுத்து. வீடு பத்தி எரியறது, மணி அடிக்கலை. அவர் வந்து கழுத்தைத் தொட்டாரோ, பொழைச்சேள்."

"போன நரம்பு வருமா டாக்டரம்மா?" தளவாய் கேட்டார்.

"போனது வரது கஷ்டம். சர்க்கரையைக் கட்டுல வெச்சா இருக்கறது மிஞ்சும். இனிமே வலிக்கறதான்னு அவாளைக் கேக்காதீங்கோ. மூச்சு வாங்கறதா, காரணமில்லாம சோர்வா, வேர்வை குளிர்ந்திருக்கா, அதைப் பாருங்கோ. அவா உடம்பு சொல்லாதது உங்க கண்ணுக்குத் தெரியணும்."

டாக்டர் போன பிறகு பேராச்சி வெகுநேரம் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். வேறு யாருடையதோ தன்னிடம் கொடுத்து வைத்த சாமான் மாதிரி பார்த்தாள்.

"இத்தன வருசமா ஆள் கூட்டிட்டு வந்து காட்டுனாங்களே" என்றாள். புருசனிடம் பேசுகிறோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. "வேடிக்க பாத்தது என் சீக்கையா?"

தளவாய் நல்ல வார்த்தை தேடினார். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மோசம்பிச் சுளையில் கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"கையக் காட்டுனவனும் முட்டாப்பய, பாத்தவனும் முட்டாப்பய. கூடப் படுத்தவன் நான், என்னய விடவா? ஆனா ஒண்ணு கேக்கேன். உன் முந்திரிக்கொத்தத் தின்னுட்டு எவனாவது கொற சொன்னானா? பாகு பதம் பாத்தது அந்தச் சர்க்கரை நோயாட்டி? நீதான பாத்த? கை என்ன, கை. பட்டறையில என் கையக் கூடத்தான் காய்ப்புன்னு சொல்லுதானுவ. அந்தக் காய்ப்பா பெல்ட்டுல ஓட்டை போடுது?"

பேராச்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாகுல தண்ணி ஊத்துன மனுசன் பாகப் பத்திப் பேசக் கூடாது" என்றாள்.

"சரி, பேசல."

"அதும் பூராக் குடத்தையும்."

"பாதி ஊத்துனா நீ மறுபடி காய்ச்சி எடுத்திருவ. உன்னத் தெரியாதா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையணை குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கிற்று. தளவாய் துண்டால் துடைத்துவிட்டார். துடைத்த கையோடு கழுத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வியாதி மாதிரி ஆயிற்று. காபி கொடுக்க வந்தால் கழுத்து. பட்டறைக்குக் கிளம்பும்போது கழுத்து. குழாயடியில் வரிசையில் நிற்கிறவளின் பிடரியில் பின்னாலிருந்து புறங்கையை வைத்துவிட்டுப் போவார். சந்துப் பெண்களுக்கு அதைவிட வேடிக்கை கிடைக்கவில்லை. "பாய், எங்க வீட்டு ஆளுக்கும் இந்த டிரெய்னிங் கொடு" என்றாள் ஃபர்ஸானா. பேராச்சி தட்டிவிடுவாள், "ஊருக்கு முன்னாடி என்ன இது, வயசான காலத்துல" என்பாள். ஒருநாள் பட்டறை அவசரத்தில் அவர் மறந்துவிட்டுப் போனபோது சந்து முனை வரைக்கும் வந்து, "என்ன, இன்னைக்குக் கிடையாதா?" என்று கேட்டதும் அவள்தான். மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தது. ஏணி ஏற அவளுக்கு அனுமதி இல்லை. மாளாவை மானசாவுக்கு விட்டுவிட்டுக் கீழேயே படுத்துக்கொண்டார்கள்.

தை மாசம் மீனாட்சியம்மாள் வந்தாள். பார்க்க வந்தவள் பையிலிருந்து பழத்தை எடுத்துவைத்துவிட்டு, போகிற நேரத்தில் இழுத்தாள். "கல்யாணத்துக்குத்தான் குடுப்பினை இல்லாமப் போச்சு. மருமவன் வீட்டுல இன்னும் கேக்காங்க… இல்ல, உனக்கு முடியாதுன்னா வேண்டாம்மா."

பேராச்சி மகளைப் பார்த்தாள். மானசா அப்பாவைப் பார்த்தாள்.

"செய்யட்டும்" என்றாள் மானசா. "ஆனா ரூல் இருக்கு. அப்பா கை தாங்குற சூடு வந்தப்புறம்தான் அம்மா கை வைக்கணும். அவர் கை என்ன சொல்லுதோ அதான் மீட்டர். பாகு யாரும் நாக்குல வைக்கக் கூடாது. தண்ணியில உருட்டிப் பாத்தாப் போதும். ஓகேயா?"

"உங்கப்பா கை தாங்குற சூட்டுக்கு ஐஸ்கிரீம்தான் உருட்டணும்" என்றாள் பேராச்சி.

பாகு காய்ச்சிய அன்றைக்கு வெயிலே உறைக்கவில்லை. பம்பாய்க்கு வருசத்தில் வாய்க்கிற அந்த நாலு நாள் குளிர் சந்துக்குள் எட்டிப் பார்த்தது. வாசலில் அடுப்பு. பாகு பதம் வந்ததும் மானசா சட்டியைத் துணி போட்டுத் தூக்கி மாவில் ஊற்றினாள். ஃபர்ஸானா கிண்டினாள். ஆவி எழுந்து கருப்பட்டியும் சுக்கும் மணத்தது.

"ம், வையுங்க கைய" என்றாள் பேராச்சி.

தளவாய் சட்டைக் கையை மடித்தார். அக்கம்பக்கத்து வாசல்களில் ஆள் சேர்ந்துவிட்டது. கையை வைத்தார்.

"ஆத்தாடீ!"

"போங்கா பஜ் கயா, ஊதிட்டுது!" என்று யாரோ கைதட்டினார்கள்.

"இன்னும் பொறுக்கணும்" என்றாள் பேராச்சி. கொஞ்சம் விட்டு, "இப்போ?"

"ஐயோ!"

"இன்னும் கொஞ்சம். கிண்டு ஃபர்ஸானா. ஆறிரக் கூடாது, ஆறவும் செய்யணும். இப்போ வையுங்க."

தளவாய் பயந்து பயந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். கத்துவதற்கு வாயைத் திறந்தவர், கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்ஸ்… ஸ்ஸ்…" என்று ஊதினார்.

பேராச்சி அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் இதே வாசலில் அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அது.

"இதான் பதம்" என்றாள். "எல்லாரும் கை வையுங்க."

அவளும் கை வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் தளவாய் ஊதிக்கொண்டே பிடித்தார். அவர் பிடித்தவை கோணல்மாணலாக வந்தன. ஒன்று கோலிக்குண்டு, ஒன்று எலுமிச்சம்பழம். ஃபர்ஸானா அவற்றைத் தனியாக ஒதுக்கி, "இது ஹமாரா வாலா, நம்ம பங்கு" என்றாள். அவர் ஊதுவது குறைந்ததும் பேராச்சிக்குச் சூடு இறங்குகிறது என்று தெரிந்தது, வேகமாகப் பிடித்தாள். உதிரவில்லை. ஒன்றுகூட உதிரவில்லை.

பாதித் தாம்பாளம் முடிந்தபோது தளவாய் சிவந்த கையை உதறிக்கொண்டு எழுந்தார். துண்டை எடுத்துப் பின்னால் போய் அவள் நெற்றியைத் துடைத்தார். பிறகு கருப்பட்டி ஒட்டின புறங்கையை அவள் பிடரியில் வைத்தார். சுற்றி இருந்தவர்கள் உருட்டுவதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன? சில்லுன்னு இருக்கா?" திரும்பாமலே கேட்டாள் பேராச்சி.

"இல்லட்டி. கொதிக்கி."

"கொதிக்கும்லா. அடுப்பு முன்னாடி உக்காந்திருக்கேன். உக்காந்து உருட்டுங்க, ஆறுது."